பன்னிரண்டடிப் படகு

டிசம்பர் 5, இரவு

இதைப் படிப்பது யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். பள்ளியில் வேண்டாம். காக்கிச் சட்டை போட்டவர்களிடம் வேண்டவே வேண்டாம். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இந்த முதல் பக்கத்தைப் பெயர் எழுதிப் பூ வரைவதற்காக விட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதமாக எழுதியதெல்லாம் அடுத்த பக்கத்திலிருந்து இருக்கிறது. அப்போது ஒளித்து எழுதியதற்குக் காரணம், நான் எழுதுவதை அம்மா எடுத்துப் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள் என்பதுதான். இப்போது காரணம் அது இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

என் பெயர் மதுவந்தி. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் அப்பா நல்லவர். அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 12

மொட்டை மாடியில் அசோசியேஷன் மீட்டிங். அப்பா செயலாளர் என்பதால் பஜ்ஜி எங்கள் வீட்டிலிருந்து. நான் தட்டை ஏந்திக்கொண்டு சுற்றினேன்.

போன மழைக்குப் புதுத்தாங்கல் ஏரி நிறைந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. தீயணைப்புப் படகு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. தரைத்தளத்து ஃபிலோமினா ஆன்ட்டிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் இந்த வருஷம் நமக்கென்று சொந்தமாக ஒரு படகு வாங்கலாம் என்பது அப்பாவின் யோசனை. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து அப்பார்ட்மென்ட் எதிலும் படகு கிடையாது.

கடைக்காரர் கொடுத்த படங்களை அப்பா சுவரில் ஒட்டியிருந்தார். இரண்டுமே அலுமினியம், இரண்டிலும் பின்னால் மாட்டுகிற மோட்டார். ஒன்று பன்னிரண்டடி, நாலு பேர் உட்காரலாம். இன்னொன்று பதினாறடி, எட்டுப் பேர்.

"பெருசையே வாங்குங்க. நான் ஒருத்தி ஏறினா சின்னதுல வேற யாரும் ஏற முடியாது," என்றார் ஃபிலோமினா ஆன்ட்டி. எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவது மாடி வரதன் அங்கிள் ரிட்டயர்டு இன்ஜினியர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் அளவு டேப் இருக்கும். அவர் எழுந்து, பேஸ்மென்டில் இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது, அளந்துவிட்டேன், சின்னது அங்கே கச்சிதமாக உட்காரும் என்றார். "பெருசு ரேம்ப்ல திரும்பாது. வெளியில புல்தரையிலதான் போடணும். இல்லேன்னா ரெண்டு பேர் கார் பார்க்கிங்கை விட்டுக் கொடுக்கணும். யாராவது குடுக்கறீங்களா?"

பஜ்ஜி தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெளியில போட்டா வெயில்ல கெடக்கும், நாய் படுக்கும். உள்ளேன்னா பத்திரம்," என்றார் அப்பா. "சின்னதுலயே ரெண்டு மூணு ட்ரிப் அடிச்சுக்கலாம்."

"கீழ இருக்கற வாட்ச்மேன் ஏழுமலை குடும்பத்தையும் கணக்குல சேத்துக்குங்க, தாமோதரன்," என்று அப்பாவிடம் சொன்னார் ஃபிலோமினா ஆன்ட்டி.

"அவன் எதுக்கு கணக்குல? அவன்தானே ஓட்டப் போறான்."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சின்னது என்று முடிவானது.

அக்டோபர் 26

படகு வந்தது. மினி லாரியில் குப்புறக் கவிழ்த்து, கயிறு கட்டி, பெரிய எவர்சில்வர் பாத்திரம் மாதிரி.

பூஜை போட்டார்கள். மாலை, சந்தனம், தேங்காய். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று குழப்பம், சக்கரம் இல்லையே. ஏழுமலை அண்ணாவின் மனைவி அஞ்சலை அக்கா, "அடியில வைங்க சார், தள்ளறப்ப நசுங்கட்டும்," என்றார். அப்படியே செய்தார்கள். ஒரு பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு ரேம்பில் இறங்கிப் போய்விட்டது. வெண்ணிலா ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வெண்ணிலா அவர்கள் பெண். என் வயது, அரசுப் பள்ளி. அவர்கள் மூன்று பேரும் பேஸ்மென்டில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். அண்ணாதான் எங்கள் வாட்ச்மேன்.

கடையிலிருந்து வந்தவர் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை முக்கி, கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டினார். அண்ணா இழுத்தபோது நாலு தடவை விக்கிவிட்டு அப்புறம் பிடித்தது. முகமெல்லாம் புகை, அதற்குள்ளே சிரிப்பு.

"நீச்சல் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"திருவண்ணாமலைப் பக்கம் சார் நானு. கெணத்துல தண்ணி இருந்தாத்தானே நீச்சல் பழக?"

"வாட்ச்மேன் பேரு ஏழுமலை, ஓட்டறது போட்டா?" என்று வரதன் அங்கிள் சொல்ல, அண்ணாவும் சேர்ந்து சிரித்தார்.

மோட்டாரை யாராவது கழற்றிப் போய்விடுவார்கள் என்று அப்பா படகைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவி எங்கள் வீட்டுச் சாவி ஸ்டாண்டில். மாறிப் போகாமல் இருக்க அம்மா அதில் சிவப்பு நூல் கட்டினாள்.

நவம்பர் 9

நானும் வெண்ணிலாவும் படகில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினோம். உள்ளே பெட்ரோல் வாசனை. தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. எழுந்து நின்று எக்கினால் கை எட்டிவிடும்.

"எங்க போலாம், சொல்லு," என்றாள்.

"அந்தமான்."

"அங்கயும் தண்ணிதான். எங்க ஊருக்குப் போலாம். தரையிலயே தள்ளிக்கிட்டுப் போலாம்."

அப்பா கார் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு வெளையாடறதுக்கா வாங்கினோம்?" என்று கேட்டார். அண்ணா வெண்ணிலாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "கேக்காம ஒரு பொருளத் தொடக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லிருக்கேன்," என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஏறலாம் என்று சொன்னது நான்தான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18

அறிவியல் தேர்வில் இருபதுக்கு இருபது. நீர்மட்டம் உயர உயர மிதக்கும் பொருளும் உயரும், ஏன் என்று விளக்குக. படம் வரைந்து அம்புக்குறி போட்டு எழுதினேன்.

நவம்பர் 29

மழை. விடுமுறை.

நவம்பர் 30

மழை. விடுமுறை. அம்மா அடுப்புக்கு மேலே யூனிஃபார்ம் காயப் போட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் சாம்பார் வாசனை.

டிசம்பர் 2

ஏரியிலிருந்து தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. சாயங்காலம் ஆண்கள் எல்லோரும் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்கள். பாலம் முழுக்க இரண்டு பக்கமும் கார், ஒரு கண்ணாடியை மடக்கினால்தான் அடுத்தது நிற்கும் என்று அப்பா சொன்னார். வரதன் அங்கிள் தன் ஸ்கூட்டரைக்கூடத் தள்ளிக்கொண்டு போனாராம்.

பேஸ்மென்ட் காலியாகிவிட்டது. வரதன் அங்கிள் படியேறும்போது அப்பாவிடம், "நல்லவேளை, போட்டைப் பத்தி கவலையில்ல. அது உள்ள பத்திரமா இருக்கு," என்றார்.

டிசம்பர் 3

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

விடியும்போது ரேம்ப் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை அக்காவும் வெண்ணிலாவும் துணி மூட்டையோடு மேலே வந்துவிட்டார்கள். முதல் மாடிப் படித்திருப்பில் உட்கார்ந்தார்கள். வெண்ணிலா தன் பள்ளிக்கூடப் பையை நனையாமல் இருக்க என் அறையில் வைத்தாள். அப்பாவும் அண்ணாவும் சேர்ந்து ஃபிலோமினா ஆன்ட்டியை நாற்காலியோடு எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் விடவில்லை. இதை நான் எழுத வேண்டும். அப்பா அன்றைக்கு நிறைய நல்லது செய்தார்.

அப்புறம் அப்பாவின் போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அசோசியேஷன் குரூப்பில் எல்லோரும் ஒரே கேள்வி. போட் எங்கே. எப்ப எடுக்கப் போறீங்க. சும்மா பூஜை போடத்தான் வாங்கினீங்களா. அப்பா ஒவ்வொன்றையும் படித்தார். முகம் சிவந்துபோனது.

நான் குளியலறையில் இருந்தேன். அதன் ஜன்னல் சமையலறை பால்கனிப் பக்கம் திறக்கும். அப்பா அண்ணாவை அங்கே கூட்டி வந்தார்.

"கீழ போயி சங்கிலியக் கழட்டி, போட்டை ரேம்ப் வழியா இழுத்துட்டு வந்துரு."

"சார், தண்ணி மார் வரைக்கும் வந்துருச்சு சார்."

"மார் வரைக்கும்தானே."

"எனக்கு நீச்சல் வராது சார்."

"நீச்சல் எதுக்குடா உனக்கு? பூட்டைத் தொறந்ததும் போட்டுல ஏறிக்கோ. தண்ணி வந்தா அதுவே உன்னைத் தூக்கிரும். போட் எங்கன்னு அத்தனை பேரும் கேக்கறான், நான் என்ன பதில் சொல்றது?"

அப்பா ஹாலுக்குப் போய் வந்தார். ஜன்னல் வழியாக சிவப்பு நூலைப் பார்த்தேன். அண்ணா அதைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டார். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"ஜன்னல சாத்திக்க பாப்பா. சாரல் அடிக்குது."

சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கட்டடத்தின் பின்பக்கம் ஏதோ இடிந்த சத்தம். ஏரிப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் விழுந்துவிட்டது. நான் படித்திருப்புக்கு ஓடினேன். ரேம்ப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாசலும் புல்தரையும் தெருவும் ஒரே தண்ணீர். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு எங்க? சார், அவரு எங்க?" என்று அஞ்சலை அக்கா கேட்டார்.

அப்பா மேல்படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"ரோட்டுப் பக்கம் போனான்மா. நான் பார்த்தேன். வந்துருவான்."

டிசம்பர் 4

தண்ணீர் அப்படியே இருக்கிறது. தீயணைப்புப் படகு வந்து ஃபிலோமினா ஆன்ட்டியை அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனது. அது பெரிய ரப்பர் படகு. அக்கா ஜன்னலிலிருந்து அவர்களிடம், ரோட்டில் காக்கிப் பேன்ட் போட்டவரைப் பார்த்தீர்களா என்று கத்திக் கேட்டார்.

ஒருவேளை அப்பா நிஜமாகவே பார்த்திருக்கலாம். அண்ணா பயந்துபோய், பேஸ்மென்டுக்குப் போகாமல் ரோட்டுப் பக்கம் போயிருக்கலாம். எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். "அப்பா அவரை போட் எடுக்கத்தானே அனுப்பினார்?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ தூங்கிட்டிருந்தே."

"இல்லம்மா. பாத்ரூம்ல இருந்தேன். நீகூட ஹால்ல…"

"தூங்கிட்டிருந்தே மது."

களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தாள். மறுபடியும். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள்.

இரவு அக்காவுக்கும் வெண்ணிலாவுக்கும் அப்பாவே ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் போர்வையையும் கொடுத்தார்.

டிசம்பர் 5

முதல் பக்கத்தை எழுதிவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

காலையிலிருந்து பெரிய மோட்டார் வைத்து பேஸ்மென்ட் தண்ணீரை இறைத்தார்கள். குழந்தைகள் யாரும் வரக்கூடாது என்றார்கள். வெண்ணிலாவும் குழந்தைதானே, அவளை ஏன் யாரும் தடுக்கவில்லை? அவள் போனாள், நான் பின்னால் போனேன்.

முதலில் யாருக்கும் படகு தென்படவில்லை. தூணில் சங்கிலி தொங்கியது. பூட்டு திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே. சிவப்பு நூல். அப்போது இறைக்கிற ஆள் ஒருவர் டார்ச்சை மேலே அடித்தார்.

படகு கூரையில் இருந்தது. தண்ணீர் இறங்கிய பிறகும் இறங்காமல், அதன் விளிம்பு குழாய்களுக்கும் பீமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. கடப்பாரை வைத்து நெம்பினார்கள். ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கை வெளியே வந்தது.

அப்பா சொன்னபடிதான் அவர் செய்திருக்கிறார். பூட்டைத் திறந்தார். ஏறிக்கொண்டார். படகு அவரைத் தூக்கியது. தண்ணீர் ஏற ஏறத் தூக்கியது. மேலே இடம் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. காதில் ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, மோட்டார் நின்ற பிறகும். இருபதுக்கு இருபது. அம்புக்குறி மேல்நோக்கிப் போட்டிருந்தேன்.

வெண்ணிலா கத்தவில்லை. "அப்பா, கேட்டுட்டுத்தானே ஏறின?" என்றாள். ஒரே ஒரு தடவை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சாவியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டே, இது யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஸ்டாண்டுல தொங்கும் சார்," என்றார் அப்பா. "ஃபிலோமினா மேடத்தைத் தூக்கிட்டு அவனும் உள்ள வந்தான். அப்ப எடுத்திருப்பான். அவன் குடும்பத்தை மட்டுமாவது கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சிருப்பான். பாவம்."

அந்தப் பாவத்தை அப்பா உண்மையாகத்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 6

குரூப்பில் எழுதுகிறார்கள். அம்மாவின் போனில் பார்த்தேன். 'நம்பி வெச்சோம், இப்படியா செய்வாங்க.' 'கூட்டிட்டுப் போக நாம இல்லையா?' 'அசோசியேஷன் சொத்து, அதுக்கு இன்ஷூரன்ஸ் வருமான்னு பாருங்க.' எங்கள் அண்ணாவைத் திருடன் என்று யாரும் எழுதவில்லை. எழுதாமலே எழுதிவிட்டார்கள். ஃபிலோமினா ஆன்ட்டி மட்டும் தங்கை வீட்டிலிருந்து எழுதியிருந்தார்: 'பெருசு வாங்கியிருந்தா புல்தரையில கெடந்திருக்கும். மிதந்திருக்கும்.' அதற்கு யாரும் பதில் போடவில்லை.

மதியம் படியில் வெண்ணிலாவைப் பார்த்தேன். அவளுடைய பச்சைத் தாவணியில் சேறு காய்ந்திருந்தது.

"எங்கப்பா சாவிய எடுத்துட்டாராம்," என்றாள்.

நான் அந்தச் சேற்றையே பார்த்தேன்.

"உங்க வீட்டுலதானே தொங்குது. நீ பாத்தியா?"

"தெரியாது," என்றேன்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். படகிலிருந்து இறக்கிவிட்ட அன்றைக்குப் பார்க்காததற்கும் சேர்த்துப் பார்த்தாள். "ராத்திரி வண்டி வருது. ஆஸ்பத்திரியிலேந்து அவர எடுத்துக்கினு ஊருக்குப் போறோம். இனிமே வர மாட்டோம். கெளம்பறப்ப வந்து பையை எடுத்துக்கறேன்."

வேலை செய்யும்போது இறந்தால் அஞ்சலை அக்காவுக்கு ஏதோ உதவி கிடைக்குமாம். கேட்காமல் எடுத்துப் போய் இறந்தால் கிடைக்காதாம். வரதன் அங்கிள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனால் நான் யோசித்துக்கொண்டிருப்பது அது இல்லை. ஊரில் வெண்ணிலாவிடம் எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள்?

சாப்பிட்டதும் அப்பா என் அறைக்கு வந்தார். எப்போதும்போலத் தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு. கட்டிலில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார். இரண்டு நாளில் அவருக்குத் தாடி வெள்ளையாக வந்திருக்கிறது.

"நாளைக்கு காலையில அந்த எஸ்.ஐ. எல்லா ஃப்ளாட்டுக்கும் வருவார். உன்னையும் ஏதாவது கேட்டா பயப்படாத. தூங்கிட்டிருந்தேன்னு சொல்லு, போதும்."

"நான் ஜன்னல் கிட்ட இருந்தேன்பா."

அப்பாவின் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் தடவியது.

"நான் அவனைக் கொல்லணும்னு அனுப்புவேனா மது?"

"இல்லப்பா."

"அப்புறம்?"

லைட்டை அணைத்துவிட்டுப் போனார். நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா கொல்ல வேண்டும் என்று அனுப்பவில்லை. எனக்குத் தெரியும். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், அவர் அனுப்பினார் என்பதும். நாளைக்கு அந்த போலீஸ்காரர் முன்னால் அப்பா என் பக்கத்தில் நிற்பார். அவர் கை என் தோளில் இருக்கும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும். 'தெரியாது' என்று எவ்வளவு சுலபமாக வந்தது மதியம்.

வாயால் என்னால் முடியாது.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம், பள்ளியில், காக்கிச் சட்டையிடம். வெண்ணிலாவின் பெயரை அதில் எழுதவில்லை. மறந்துவிட்டேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று தெரியவில்லை.

கீழே வண்டிச் சத்தம் கேட்கிறது. அவள் பை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் ஒரு நோட்டு போகிற அளவுக்கு இடம் இருக்கிறது. கை வைத்துப் பார்த்தேன். இதைப் படித்தால் அப்பாவை என்ன செய்வார்கள்? அப்பா ஜெயிலுக்கு

கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக, விரல் முட்டியால்.

அப்பா தட்ட மாட்டார். வெண்ணிலா, நான் அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி